இரைச்சல் நின்ற புதன்கிழமை

அத்தியாயம் 5

பதுளையில் ஒரு தப்பு நடந்தால் வழக்கமாக அதை யாருமே செய்திருக்க மாட்டார்கள். பார்த்தவர் கிடையாது, கேட்டவர் கிடையாது, பக்கத்துக் கடைக்காரர் அன்றைக்கென்று பார்த்து பசறைக்குப் போயிருப்பார். பதினோரு வருஷமாகத் துப்பறியும் ஜீவராணிக்கு இது பழகிப்போன சங்கதி. மலைக்குயில் ஒலிப்பதிவுக் கூடம் எரிந்த விவகாரம்தான் அவளைக் குழப்பியது. இதில் ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு "நான்தான்" என்றார்கள்.

"ஸ்டூடியோக்காரங்க மூணு பேரு, பொலிஸ் கூண்டுக்குள்ள ஒருத்தன்" என்று விரல் விட்டு எண்ணினான் முருகையா. "கேரம் ஆட நாலு பேரு சரியா இருக்கு மிஸ். போர்டு மட்டுந்தான் வேணும்."

ஓட்டோவின் பின் சீட்டில் இருந்து ஜீவராணி சிரித்தாள். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. பஸார் வீதியில் முன்னால் நின்ற தனியார் பஸ் நகர்வதாக இல்லை.

முருகையா அவளுக்கு ஓட்டுநர், உதவியாளர், உள்ளூர்ச் செய்தி, எல்லாவற்றுக்கும் மேலாக வாய். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். வயசு நாற்பத்தாறு. ஓட்டோ வாங்குவதற்கு முன்னால் கோயில் திருவிழாக்களுக்கும் சடங்கு வீடுகளுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தான். அதை ஏன் விட்டான் என்று கேட்டால், "சாமிக்கே காது வலிச்சிருச்சாம் மிஸ்" என்பான். தொழில் போனாலும் கை போகவில்லை. வண்டிக்குள் ரேடியோ, ஹோர்ன், சாமிப் படத்துக்கு மேலே மினுங்கும் பல்பு எல்லாம் அவன் கட்டியதுதான். ஒவ்வொரு வயர் நுனியையும் மடித்து, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய கறுப்பு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, குட்டியாக ஒரு முடிச்சுப் போட்டிருப்பான். டேப் ஒட்டினால் வெயிலுக்கு இளகிவிடும், டியூப் கடைசிவரை விடாது என்பது அவன் கட்சி.

இன்றைக்கு அந்த வண்டியில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. பின் சீட்டைக் காட்டுகிற கண்ணாடி, கூரையைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது.

"கண்ணாடிக்கு என்ன முருகையா?"

"காலங்காத்தால என் மூஞ்சிய நானே பாக்கணுமா மிஸ்? நாள் வெளங்குமா?"

அதற்கும் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்காகப் பின்னால் வருந்துவோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

காலையில் அதே சீட்டில் உட்கார்ந்து வந்தவள் ராசம்மா. தெமோதரையில் கொழுந்து பறிப்பவள், கூண்டுக்குள் இருக்கும் நிமலனின் தாய். முருகையாதான் லயத்துக்கே போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்து ஜீவராணியின் வாசலில் இறக்கினான். ராசம்மா அழவில்லை. "எம்மவன் தீ வைக்கிறவன் இல்லீங்க. அடுப்பு பத்த வைக்கவே ரெண்டு நெருப்புப்பெட்டி கேப்பான்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, மகனுக்குக் கட்டிய சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலைய வாசலில் போய் நின்றுவிட்டாள்.

நடந்தது சுருக்கமானது. திங்கட்கிழமை ஒலிப்பதிவில் மறுபடியும் இரைச்சல் விழுந்ததற்காக ஸ்டூடியோ முதலாளி தங்கராஜா, அப்புத்தளையில் இருந்து பாட வந்தவர்கள் முன்னாலேயே நிமலனைத் திட்டினார். நிமலன் வேலையை உதறிவிட்டுப் போனான். புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கையில் மிஞ்சியிருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனான். அன்று பின்னேரம் ஆறரை மணிக்கு ஸ்டூடியோ எரிந்தது. ஆள் சேதம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கம் தீ தொடங்கியது என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். அதை யாராவது தொடங்கி வைத்தார்களா என்று பொலிஸ் நிமலனைப் பிடித்துக் கேட்டபோது, "என்னாலதான் எரிஞ்சிச்சு" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் அவன் வாயில் இருந்து வரவில்லை.

இரண்டு மணிக்கு அவனை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். தீ வைத்தவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இருபத்து நான்கு வயசுப் பையன் ரிமாண்டுக்குப் போவான். ஜீவராணிக்கு இருந்தது மூன்றரை மணி நேரம்.

எரிந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. ஒலிப்பதிவாளர்கள் மூன்று பேரும் தீப்பிடித்ததில் இருந்து பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள். வீட்டுக்குப் போனால் எதையோ விட்டு ஓடியது போல ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஆறிப்போன பிளேன்டீயோடு ஸ்டூடியோ இருந்த மாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாடி ஜன்னலில் கரி பிடித்திருந்தது.

ஜீவராணி உட்கார்ந்ததுமே தங்கராஜா ஆரம்பித்துவிட்டார். புகை வந்தால் கத்துகிற அலாரம் கூரையில் இருந்ததாம். பற்றரி இறங்கினால் அது நிமிஷத்துக்கு ஒருதரம் கீச்சென்று கத்தும். போன மாசம் ஒரு நல்ல பாட்டின் நடுவே அது கீச்சிட்டதும், கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டவர் அவர்தான். அது கூரையில் இருந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்றார்.

அடுத்து, ஒலிப்பதிவாளன் அஜந்தன். வலது கையில் பெரிய கட்டு. எரியும்போது உள்ளே ஓடி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி வந்தவன். ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் போவது அவன் பழக்கமாம், சூடேறி நின்றால்தான் மறுநாள் சத்தம் இனிமையாக வரும் என்று. அணைத்திருந்தால் எரிந்திருக்காது, அதனால் அவன்தான் என்றான்.

தனுஜா மூவரில் இளையவள். "சுவர் பூரா முட்டை அட்டையும் பஞ்சும் ஒட்டினது நான் மிஸ். எதிரொலி வரக்கூடாதுன்னு. நானூத்தி இருபது அட்டை. அது ஒவ்வொண்ணா எரியிறத இங்க நின்னு பாத்தேன்."

"முட்டை போட்ட கோழியத்தான் இன்னும் விசாரிக்கல மிஸ்" என்றான் முருகையா.

யாரும் சிரிக்கவில்லை. ஜீவராணி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. சின்னத் தப்பை இவ்வளவு அவசரமாக ஒப்புக்கொள்கிறவர்கள், பெரிய தப்பு ஒன்றை அடியில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். புதன்கிழமை கடைசியாக என்ன பதிவு செய்தீர்கள் என்று கேட்டாள்.

"அமைதி" என்றாள் தனுஜா.

ஜீவராணிக்கு விளங்கவில்லை. தனுஜா விளக்கினாள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், யாரும் பேசாமல் அசையாமல் நின்று, வெறும் அறையை ஒரு நிமிஷம் பதிவு செய்வார்களாம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி உண்டு. பிறகு பாட்டில் ஒரு இருமலையோ தப்பான சொல்லையோ வெட்டி எடுத்தால், அந்த ஓட்டையை இந்த அமைதியை வைத்துத்தான் அடைப்பார்கள். எல்லா நாள் அமைதியும் அவள் லாப்டொப்பில் இருந்தது.

"சும்மா இருந்ததையும் பதிஞ்சு வச்சிருக்காங்க பாருங்க" என்றான் முருகையா. சிரிக்க வைக்க அன்றைக்கு அவன் சொன்ன கடைசிப் பகடி அது.

ஜீவராணி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். முதலில் திங்கட்கிழமை அமைதி. சுவருக்குள் வண்டு ஒன்று மாட்டிக்கொண்டதைப் போல, விடாமல் ஒரு "ங்ங்ங்". பிறகு புதன்கிழமை அமைதி. ஒன்றுமே இல்லை. அவளுடைய நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. இரண்டையும் மறுபடி கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"இரைச்சல் எங்க போச்சு?"

மூன்று பேரும் கிளாஸைப் பார்த்தார்கள்.

"ரெண்டு மணிக்கு வந்து காதுல மாட்டினதுமே தெரிஞ்சிருச்சு மிஸ்" என்றாள் தனுஜா. "ஒம்பது மாசமா எங்கள அழ வச்ச இரைச்சல். காணாமப் போச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன் நின்னுச்சுன்னு நான் கேக்கவே இல்ல."

தானும் கேட்கவில்லை என்றான் அஜந்தன். சொல்லிவிட்டு கட்டுப்போட்ட கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

தங்கராஜா முகத்தைத் துடைத்தார். "தானா நிக்கிற இரைச்சல் உலகத்துல இல்ல. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். கேட்டா திரும்ப வந்துருமோன்னு பயம்."

அலாரமும் ஆம்ப்ளிஃபயரும் முட்டை அட்டையும் மூடி வைத்திருந்தது இதைத்தான். மேற்கொண்டு அவர் சொன்னது இது: ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் இரைச்சல் டக்கென்று நிற்கும். ஆனால் அப்புறம் உள்ளே கரண்ட் கசிந்தால், கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் விழாது. பெட்டி தன்பாட்டில் சூடேறிக்கொண்டே இருக்கும்.

ஜீவராணியின் மனசு இலேசானது. தீ வைக்க வந்தவன் இரைச்சலைத் திருத்திவிட்டா போவான்? நிமலன் வந்தது கொளுத்துவதற்கு அல்ல, தன்னைத் திட்டியவர் வாயை ஒரு நல்ல வேலையால் அடைப்பதற்கு. பொலிஸுக்குச் சொல்ல இது போதும்.

போதும் என்று எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் தொழில் கெட்ட தொழில், இன்னொரு கேள்வி கேட்க வைக்கும். ஸ்டூடியோவில் படித்த பையன் எர்த்தைக் கழற்றுவானா என்று கேட்டாள்.

"மாட்டான்" என்றார் தங்கராஜா. "அதுக்கு ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கு. கொழும்புல இருந்து எடுக்கணும். அத நிமலனுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். எர்த்தக் கழட்டுறது திருவிழாப் பழக்கம் மிஸ். பாட்டுக்காரர் மேடை ஏறியாச்சு, அஞ்சு நிமிஷத்துல இரைச்சல நிப்பாட்டுன்னு ஏச்சு வாங்கினவன் செய்யிற வேலை."

ஜீவராணி பகடிக்காகக் காத்திருந்தாள். ஐந்து வருஷமாக இப்படியொரு இடைவெளியை முருகையா சும்மா விட்டதே இல்லை. அவன் கையிலிருந்த வடையை இரண்டாகப் பிட்டு, நான்காகப் பிட்டு, சாப்பிடாமல் தட்டிலேயே வைத்தான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரையும் ஒன்றரை மணிக்கு லாப்டொப்போடு பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டு, எதிரே போய் ஸ்டூடியோ மாடிப்படி ஏறினாள். முருகையாவும் பின்னால் வந்தான். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர், தங்கராஜா சொன்னதால் மாடி நடைபாதை வரைக்கும் விட்டார். ஆம்ப்ளிஃபயரின் நீண்ட வயர் சுவர் ஓட்டை வழியாக வெளியே வந்து, நடைபாதையில் ஒரு பிளக்கில் முடிந்தது. அறைதான் எரிந்திருந்தது. எரியாத இடத்தில் யார் தேடுவார்கள்?

"முருகையா, உங்க டெஸ்டரக் குடுங்க."

அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்னத் திருப்புளியை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிய பிறகும் கை அப்படியே நீட்டியபடி நின்றது. "நான் கீழ நிக்கிறேன் மிஸ்" என்றான்.

அவன் இறங்கும் சத்தம் தேயும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு பிளக்கைத் திறந்தாள். பச்சையும் மஞ்சளுமான எர்த் வயர் கழன்று மடிந்திருந்தது. நுனியில் சைக்கிள் டியூப் நாடா. இரண்டு சுற்று, குட்டியாக ஒரு முடிச்சு.

ஜீவராணிக்கு வெட்கமாக இருந்தது. காலையில் திரும்பிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தவள் அவள்தானே. கூடவே மனசு ஒரு வழியும் காட்டியது. நிமலன் ஸ்டூடியோவுக்கு வருமுன் முருகையாவின் லவுட்ஸ்பீக்கர் செட்டில்தான் வேலை பழகினான். முடிச்சு அவனுடையதாகவும் இருக்கலாமே. ஒருத்தனை விடுவிக்க வந்த இடத்தில், இன்னொருத்தன் தப்பவேண்டும் என்பதற்காக அந்தப் பையனே செய்திருக்கட்டும் என்று தன் மனசு விரும்பியதை நினைத்து அவளுக்குக் கூசியது. பிளக்கை மூடிவிட்டு இறங்கினாள்.

கீழே புடவைக்கடை. நிமலன் மாடி ஏறியதைப் பொலிஸுக்குச் சொன்ன மொஹிதீன் நானா கல்லாவில் இருந்தார். பையன் ஒரு மணிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினான், அரை மணி நேரம் மேலே இருந்தான் என்று பொலிஸில் சொன்னதையே அவளிடமும் சொன்னார்.

"ஓட்டோ காத்துக்கிட்டு நின்னுச்சா நானா?"

நின்றதாம், அதுவும் கடை வாசலை மறைத்துக்கொண்டு. எடுக்கச் சொல்லி ஏசுவதற்காக அவர் எழுந்து போனாராம்.

"ஏசுறதுக்கு ஆள் இல்ல மிஸ். வண்டி மட்டுந்தான் நின்ன. சாமிப் படத்துக்கு மேல பல்பு ஒண்டு மினுங்கிக்கிட்டு."

இதை ஏன் பொலிஸில் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், அவர்கள் பையனைப் பற்றித்தான் கேட்டார்களாம்.

மணி பன்னிரண்டே முக்கால். ஜீவராணி ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க மிஸ்?"

"பொலிஸுக்கு."

முருகையா வண்டியைக் கிளப்பவில்லை. கையைத் தூக்கி, கண்ணாடியைக் கீழே திருப்பினான். அதில் அவன் கண்கள் தெரிந்தன. அவை நேற்று இரவு தூங்கிய கண்கள் அல்ல.

அவன் சொன்னதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். செவ்வாய்க்கிழமை நிமலன் அழுதுகொண்டு வந்தானாம். அந்த இரைச்சலை மட்டும் நிப்பாட்டித் தாங்கண்ணே, அவரே என்னைத் திரும்பக் கூப்பிடட்டும் என்றானாம். மறுநாள் இரண்டு பேருமாகப் போனார்கள். எர்த்தில் கை வைக்க வேண்டாம், ட்ரான்ஸ்ஃபோமர் எடுப்போம் என்று பையன் சொன்னான். அது வருகிறவரைக்கும் இரண்டு நாளைக்கு இப்படி இருக்கட்டும் என்று முருகையா முடிச்சைப் போட்டான். நிமலன் டோர்ச் பிடித்தான்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி பசறைத் திருவிழாவுல இதே வேலைதான் பாத்தேன் மிஸ். பாட வந்த புள்ள மைக்கப் புடிச்சிச்சு, கரண்ட் அடிச்சு மேடையிலயே விழுந்துச்சு. உசுரு இருந்துச்சு. அந்தக் கை இன்னும் சரியா மடங்காது. அன்னைக்கு வித்ததுதான் செட்ட. சாமிக்குக் காது வலிச்சதெல்லாம் நான் கட்டின கதை. தெரிஞ்சிருந்துதான் செஞ்சேன்."

"பையன பொலிஸ் புடிச்சது தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?"

"அவன் என் பேரச் சொல்லிருவான்னு நேத்து பூரா வாசல்ல உக்காந்திருந்தேன். ஜீப் வரும் வரும்னு. வரவே இல்ல மிஸ். அவன் சொல்லல. நானா போய்ச் சொல்ல பயம். அதான் விடிஞ்சதும் ராசம்மாக்காவ உங்ககிட்ட கூட்டிக்கிட்டு வந்தேன். நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு தெரியும்."

வாயால் பிழைத்தவனுக்கு வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை. ஜீவராணிக்குக் கோபப்பட ஆசைதான். ஆனால் காலையில் இருந்து அவன் ஒவ்வொரு இடத்திலும் நீட்டிய துப்பை, பகடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தவள் அவள்.

"கேரம் போர்டுல அஞ்சாவது ஆளுக்கு எடமில்லைன்னு இருந்துட்டேன் மிஸ்" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பினான்.

பொலிஸ் நிலைய வாசலில் தங்கராஜாவும் அஜந்தனும் தனுஜாவும் லாப்டொப்போடு முன்பே வந்து நின்றார்கள். ராசம்மா படிக்கட்டுப் பக்கம் நின்றாள். சோற்றுப் பார்சல் இன்னும் அவள் கையில்தான். உள்ளே விடவில்லை போலிருந்தது.

அவளைத் தாண்டிப் போக முருகையாவால் முடியவில்லை. நேராக அவள் முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மூன்று ஒலிப்பதிவாளர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். ராசம்மா கேட்டு முடித்துவிட்டு, பார்சலை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவன் டோர்ச் புடிச்சானா?"

"புடிச்சான்க்கா."

"அப்ப அவன் சொன்னது பொய்யில்ல." முருகையாவின் முகத்தைப் பார்த்தாள். "காலையில வண்டியில வர்றப்ப, இவன் ஏன் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான்னு நெனச்சேன் தம்பி. எனக்காகத்தான் மனசு கஷ்டப்படுறான்னு நெனச்சேன்."

முருகையா படியேறத் திரும்பினான். இரண்டு படி ஏறியதும் பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

"முருகையா. சட்டைப் பொத்தானப் போட்டுக்கிட்டுப் போ."

அவன் நின்று பொத்தானைத் தேடினான். இருட்டில்கூட வயருக்கு முடிச்சுப் போடுகிற கை, அந்தப் பொத்தானோடு போராடியது. ஒருமுறை நழுவியது, மறுமுறையும் நழுவியது. ஜீவராணி ராசம்மாவைப் பார்த்தாள். ராசம்மா இரண்டே படி தள்ளி நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போகவில்லை.

மூன்றாவது முறை பொத்தான் ஏறியது. முருகையா உள்ளே போனான்.